வர்ணத்துக்குக் கீழே உக்கிய மரம்

கடந்த கச்சான் காலத்தில் ஐந்து வாரங்கள் இந்தப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. சுகவீனமா என்று விசாரித்த அன்பர்களுக்கு நன்றி. சுகவீனம் இல்லை. திருக்கடலூர்க் கரையில், என் மைத்துனரின் வளவில், பழைய பைபர் படகு ஒன்றின் வயிற்றுக்குள் குந்தியிருந்தேன். நாற்பது ஆண்டுகள் செய்தித்தாளில் பிறர் தொழிலைப் பற்றி எழுதியவன், முதன்முறையாக ஒரு தொழிலின் தூசியைத் தின்றேன். அங்கு கண்டதை எழுதாமல் விட்டால் எழுதும் தொழிலுக்கே துரோகம் செய்தவனாவேன். ஆதலால் இந்தக் கட்டுரை சற்றுக் காரமாக இருக்கும். பொறுத்தருள்க.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். மைத்துனரின் மகன் சென்ற வாடைத் தொடக்கத்தில் கொட்டியாரக் குடாவின் வாயருகே வலை எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்தான். கடல் பெரிதாகக் கொந்தளிக்கவில்லை, வழமையான அலைதான். நடுப்படகில் நின்றவனின் கால் திடீரெனத் தளத்துக்குள் இறங்கியது. குனிந்து பார்த்தால், ஒவ்வொரு அலைக்கும் படகின் அடிப்பாகம் மூச்சு விடுவதைப்போல மேலே எழும்பி உள்ளே அமுங்கிக்கொண்டிருந்தது. இயந்திர வேகத்தைக் குறைத்து, ஒருவர் தண்ணீரை இறைக்க ஒருவர் ஓட்ட, மூன்று மணி நேரத்தில் கரை சேர்ந்தார்கள். பிள்ளை உயிரோடு வந்தான். அதனால் இது பத்திரிகைச் செய்தி ஆகவில்லை. வந்திருக்காவிட்டால் ‘கடும் காற்றில் படகு கவிழ்ந்தது’ என்று நான்கு வரி வந்திருக்கும். அத்தகைய நான்கு வரிகளை நானே பலமுறை எழுதியிருக்கிறேன். காற்றின்மீது பழியைப் போட்டு எழுதிய அந்தச் செய்திகளில் எத்தனை படகுகளின் அடிச்சட்டம் உக்கிப்போயிருந்தது என்று அன்று கேட்கத் தோன்றவில்லையே என இன்று வெட்கப்படுகிறேன்.

அந்தப் படகு ஆழிப்பேரலையின் பின் 2005இல் நன்கொடையாக வந்தது. பக்கவாட்டில் நன்கொடையாளரின் சின்னம் இன்றும் அழியாமல் இருக்கிறது. அந்நாளைய நிலைமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2004 டிசம்பர் 26இல் இந்நாட்டில் முப்பதாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் போயின. மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு அழிந்தன அல்லது சேதமுற்றன. உலகம் இரங்கியது, பணம் வந்தது. பணத்தின் பின்னால் படகு கட்டும் பட்டறைகள் மழைக்காளான்போல முளைத்தன. அதற்கு முந்தைய நாள்வரை தண்ணீர்த் தொட்டி வார்த்தவர்களும் படகு வார்த்தார்கள். எத்தனை படகு எத்தனை நாளில் என்பதே கணக்காக இருந்தது. அவற்றுள் பல கடலுக்குத் தகுதியற்றவை என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பின் கடற்கல வல்லுநர்கள் அப்போதே எச்சரித்தார்கள். எச்சரிக்கைகள் அறிக்கைகளில் இருந்தன. புகைப்படங்களில் நாடா வெட்டும் கத்தரிக்கோல்களே இருந்தன. அந்தப் புகைப்படங்களைப் பிரசுரித்தவர்களில் நானும் ஒருவன்.

இனி, படகின் உள்ளே நாங்கள் கண்டதைச் சொல்ல வேண்டும்.

கண்ணாடியிழைப் படகு உக்காது என்பது பொதுவான நம்பிக்கை. கண்ணாடியிழை உக்காது என்பது மெய். ஆனால் வெறும் ஓடு மட்டும் படகாகிவிடாது. அந்த ஓடு வளையாதிருக்க, அணியத்திலிருந்து பின்பலகை வரை நெடுக்காகத் தாங்கு சட்டங்கள் ஓடும். பட்டறையில் ஸ்ட்ரிங்கர் என்பார்கள். நமது சிறு படகுகள் பலவற்றில் அது மரக்கட்டை; அதன்மேல் மாட் விரித்து ரெசின் பூசி மூடியிருப்பார்கள். அதற்கு மேலே தளம். அதுவும் பல படகுகளில் ஒட்டுப்பலகை. தளத்தில் ஆணி ஏற்றிய துளை, பெட்டி பூட்டிய திருகுத் துளை, ஒழுங்காக மூடாத வெட்டுமுகம் ஆகிய ஏதோ ஒன்றின் வழியே தண்ணீர் உள்ளே போகும். போன தண்ணீர் வெளியே வராது. கண்ணாடியிழை உறையே அதற்குச் சிறையாகிவிடுகிறது.

இதில் பலர் அறியாத ஒன்று உண்டு. மரத்தை உக்கவைப்பது பெரும்பாலும் கடல்நீர் அன்று, மழைநீர். மரத்தைத் தின்னும் பூஞ்சணம் உப்பில் எளிதில் வளராது, நன்னீரில் செழிக்கும். நமது கரையின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடை மழை. திறந்த கடலைப் பார்த்த கரைகளில் அந்த மாதங்களில் படகுகளை மேலே இழுத்து வைப்பார்கள். வானம் பார்த்துக் கிடக்கும் படகு மழைநீர்த் தொட்டியாகிவிடும். போர்க்காலத்தில் பாஸ் நடைமுறை, நேரக் கட்டுப்பாடு, தடை என்று கடலுக்குப் போக முடியாத நாட்களிலும் இதுவே நடந்தது. படகு கடலில் பழுதாவதைவிடக் கரையில் பழுதாவதே அதிகம் என்று எங்களுக்கு வழிகாட்டிய ஓடாவியார் சொன்னார். எழுபதைக் கடந்த மனிதர். மர வள்ளம் கட்டிப் பழகி, பின்னர் பைபருக்கு மாறியவர்.

அவர் ஒரு சிறு சுத்தியலால் தளத்தைச் சாண் சாணாகத் தட்டினார். நல்ல இடத்தில் ‘டக்’ என்று கேட்டது. உக்கிய இடத்தில் நனைந்த பாயைத் தட்டுவதுபோல ஓசை செத்திருந்தது. சந்தேகமான இடத்தில் மெல்லிய துளை போட்டதும் உள்ளேயிருந்து கறுத்த ஈரத் தூள் வந்தது. விளிம்பில் மூன்று விரற்கடை விட்டுத் தளத்தை வெட்டி எடுத்தோம். கீழே தாங்கு சட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடியிழைக் குழாய் இருந்தது; அதற்குள் கையால் அள்ளக்கூடிய சேறு. அந்தச் சேறுதான் இருபது ஆண்டுகளுக்கு முன் மரம். மிதப்புக்காக அடைத்த நுரை தண்ணீரை உறிஞ்சிப் பாறாங்கல்லாகக் கனத்தது. கவிழ்ந்தால் படகை மிதக்கவைக்க வேண்டிய பொருள், படகை அமிழ்த்தும் பொருளாகிவிட்டிருந்தது.

இதைவிடக் கோபமூட்டியது வேறொன்று. அந்தச் சேற்றின்மேல் இரண்டு தடவை புதிய மாட் ஒட்டப்பட்டிருந்தது. அதாவது, இதற்கு முன் இரண்டு முறை ‘திருத்தம்’ செய்து பணம் வாங்கியிருக்கிறார்கள். ஈர மரத்தின்மேல் ரெசின் பற்றாது என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. தெரிந்தே மூடி, மேலே வர்ணம் அடித்துக் கடலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நன்கொடையாளரையும் அதிகாரியையும் ஏசுவதற்கு முன், நம் கரையிலேயே நம்மவர் நம்மவருக்குச் செய்த இந்த வஞ்சகத்தையும் சொல்லியாக வேண்டும்.

திருத்திய முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். படகின் உருவம் குலையாமல் அடியில் முட்டுக் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு சட்டத்தை மட்டுமே அகற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடுங்கினால் ஓடு கோணிவிடும். பழைய இழையைச் சுத்தமான பகுதி தெரியும்வரை அராவ வேண்டும். அராவும்போது முகமூடி கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. புதிய சட்டத்துக்கு நன்கு உலர்ந்த மரம் வேண்டும். எண்ணெய்ப்பசை மிகுந்த தேக்கில் ரெசின் சரியாகப் பிடிக்காது; விலையுயர்ந்த மரம்தான் நல்ல மரம் என்றில்லை. சட்டத்தை ஓட்டின்மேல் நேரே அழுத்தி நிறுத்தாமல், இடையில் பசை மெத்தை கொடுத்து, மூலைகளை வளைவாக நிரப்பி, மாட்டைப் படிப்படியாக அகலமாக்கி ஒட்ட வேண்டும். தண்ணீர் ஓடும் துளைகளுக்குள் குழாய்த் துண்டு செருகி ஒட்டினால் மரம் நனையாது. ரெஜிபோம் அடைத்து நேரே ரெசின் ஊற்றாதீர்கள். ரெசின் அதைக் கரைத்துவிடும். கச்சான் வெயிலில் இறுகும் மருந்தைக் குறைத்துக் கலக்க வேண்டும். இல்லையேல் வாளியிலேயே புகைந்து கல்லாகிவிடும். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

ஐந்து வாரத்தில் படகு கடலுக்குப் போனது. கூலியும் பொருளும் சேர்ந்து, புதிய படகு ஒன்றுக்கு எங்களிடம் கேட்கப்பட்ட விலையில் மூன்றிலொரு பங்குகூட ஆகவில்லை. இங்கேதான் என் வழக்கு தொடங்குகிறது.

புதிய படகுக்கு மானியம் கேட்டால் படிவம் உண்டு, கூட்டம் உண்டு, விழா உண்டு. பழைய படகின் அடிச்சட்டத்தை மாற்ற உதவி கேட்டு மைத்துனர் ஏறிய படிகளில் அதற்கான படிவமே இருக்கவில்லை. காரணம் எளிது. திருத்திய தாங்கு சட்டம் தளத்துக்குக் கீழே இருக்கும். அதன் முன்னால் நின்று படம் எடுக்க முடியாது. சின்னம் ஒட்டவும் இடமில்லை. நமது நிவாரணப் பண்பாடு, கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே கொடையாக எண்ணப் பழகிவிட்டது.

பழைய படகைத் திருத்துவது ஆபத்து, புதியதே பாதுகாப்பு என்பர் சிலர். இந்த வாதத்தில் பாதி நியாயம் உண்டு. ஓடே அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிட்ட படகையும், அடிப்பாகம் முழுவதும் வெடித்த படகையும் திருத்தக்கூடாது. அவற்றை ஒதுக்கத்தான் வேண்டும். ஆனால் எது திருத்தத்தக்கது, எது ஒதுக்கத்தக்கது என்று யார் தட்டிப் பார்க்கிறார்கள்? புதியது என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடும் என்றால், 2005இல் வந்த புதிய படகுகளைப் பற்றி வல்லுநர்கள் ஏன் எச்சரித்தார்கள்? மேலும், ஒதுக்கிய பைபர் ஓட்டை என்ன செய்வது? அது மண்ணோடு மண்ணாகாது. எரித்தால் நச்சுப் புகை. நமது கரைகளில் கவிழ்ந்து கிடக்கும் வெற்று ஓடுகளே சாட்சி.

2022ஐ மறந்துவிட்டோமா? ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது, இறக்குமதியாகும் ரெசினும் மாட்டும் இயந்திர உதிரிப்பாகமும் எட்டாத உயரத்துக்குப் போயின. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தடவையில் 340 ரூபாவானது. பின்னர் ஓரளவு இறங்கியபோதும், அந்த ஆண்டில் ஏறிய கடன் பல குடும்பங்களில் இறங்கவில்லை. அத்தகைய குடும்பத்திடம் ‘புதிது வாங்கு’ என்பது அறிவுரை அன்று, ஏளனம். அவன் புதிது வாங்கமாட்டான். உக்கிய படகிலேயே போவான். நாம் விவாதிக்க வேண்டியது அதைத்தான்.

ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். எமது ஊரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. எச்.எம்.எஸ். திருகோணமலை. 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்துக் கட்டுநர்கள் தேக்கில் கட்டியது. 1987இல் அங்கு கொண்டுசெல்லப்பட்டு, பத்தாண்டுகளுக்கு மேல் பாடுபட்டுச் சீரமைக்கப்பட்டது. பயன்பாடு முடிந்த கப்பலின் மரத்தைப் பலகை பலகையாகத் தட்டிப் பார்த்து மாற்ற அவர்களுக்குப் பொறுமை இருந்தது. திருகோணமலையிலேயே, மூன்று குடும்பங்களுக்குச் சோறு போடும் படகின் இரண்டு சட்டங்களை மாற்ற எமக்குப் பொறுமை இல்லை.

கைத்திறன் இல்லாத இனமா நாம்? வல்வெட்டித்துறை ஓடாவிமார் கட்டிய அன்னபூரணி 1938இல் அத்திலாந்திக் கடலைத் தாண்டி அமெரிக்கக் கரை சேர்ந்தது. 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியுடன் காரைநகரில் எழுந்த சீநோர், நமது இளைஞருக்குப் பைபர்த் தொழிலைக் கற்பித்தது. போர் அந்தத் தொடர்ச்சியை அறுத்தது. அறுந்ததை முடிய வேண்டியவர்கள் நாம்.

ஆகவே நான் கேட்பவை நான்கு. ஒன்று, ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது இலக்கத்தையும் வர்ணத்தையும் மட்டும் பாராமல், தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கட்டும். உள்ளே பார்க்க ஒரு மூடி எல்லாப் படகிலும் இருக்கட்டும். இரண்டு, புதிய படகுக்கான மானியத்தில் ஒரு பகுதி திருத்தத்துக்கு ஒதுக்கப்படட்டும். மூன்று, மாவட்டத்தில் எஞ்சியிருக்கும் முதிய ஓடாவிமாரைச் சம்பளம் கொடுத்து ஆசிரியர்களாக்கி இளைஞருக்குத் தொழில் கற்பிக்கட்டும். நான்கு, இனிக் கொடுக்கும் ஒவ்வொரு படகிலும் எந்தப் பட்டறை, எந்த ஆண்டு, எத்தனை அடுக்கு, உள்ளே என்ன மரம் என்ற விவரம் அழியாமல் பதிக்கப்படட்டும். கொடுத்தவரின் சின்னம் அதற்குப் பின்னர் வரட்டும்.

கடற்றொழிலாளச் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படகைக் கரையேற்றினால் அடைப்பைக் கழற்றி, அணியத்தை உயர்த்தி வையுங்கள். மேலே ஒரு படங்கு போடுங்கள். இதற்கு எவரிடமும் படிவம் நிரப்ப வேண்டியதில்லை.

இனிக் கடற்படகு கவிழ்ந்த செய்தி எழுத நேரும் இளம் செய்தியாளரே, காற்றின் வேகத்தைக் கேட்டதோடு நிறுத்தாதீர். அந்தப் படகின் தளத்துக்குக் கீழே என்ன இருந்தது என்று கேளும். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.