கடன் வாங்கிக் கழித்தல்



இந்த இதழின் தலையங்கத்தை ஒரு தப்பை ஒப்புக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. தப்பு என்னுடையது.

பகலில் எனக்கு வங்கியில் எழுத்தர் வேலை. சாயங்காலம் எங்கள் தெரு சமுதாயக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் சனம் விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறது. திரும்பிவர இருட்டிவிடும். பிள்ளை பள்ளிக்கூடம் போனதா, சாப்பிட்டதா, அடிவாங்கியதா என்று கேட்க அதுவரை வீட்டில் ஆளில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் வகுப்பு.

எட்டாவது படிக்கிற பையன் ஒருவன். 'மக்கு' என்று பள்ளிக்கூடத்தில் முத்திரை குத்தியிருந்தார்கள். ரெண்டு மாசம் வாயே திறக்கவில்லை. ஒருநாள் மற்ற பிள்ளைகள் போனபிறகு பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: "சார், கடன் வாங்கிக் கழிக்கிறோம்ல... வாங்குன கடன எப்ப சார் திருப்பிக் குடுக்குறது?"

அது சரியான கேள்வி. பத்து ரூபாய்த் தாளை ஒத்தை ரூபாய்ச் சில்லறையாக மாற்றுவதுதான் அந்தக் கணக்கு. அதற்குக் 'கடன்' என்று பேர்வைத்தவர்களுக்கு, வட்டி கட்டியே தேய்கிற வீட்டுப் பிள்ளையின் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்று தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் சிரித்தேன்.

அதோடு விட்டேனா? அந்த வாரம் நகைக்கடனுக்கு வட்டி கட்ட அவன் அப்பா வங்கிக்கு வந்தார். கவுன்டருக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, "ஒங்க மகனுக்கு எட்டாவதுலயும் கழித்தல் தெரியலண்ணே" என்று வேடிக்கையாகச் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ராத்திரி பையனுக்கு பெல்ட்டடி. மறுநாளிலிருந்து அவன் வரவில்லை.

நான் அவன் தெருக்காரன், அவன் சாதிக்காரன். 'நம்ம ஆளு சொல்லிக்குடுத்தா நம்பிக்கை தானா வந்துரும்' என்று கூட்டங்களில் பேசியவன். வராது தோழர்களே. பட்டமும் உத்தியோகமும் நமக்கும் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்துவிடுகின்றன. பிரம்பைக் கீழே போட்டுவிட்டோம் என்று நினைக்கிறோம். அது நாக்கில் இருக்கிறது.

நம் பிள்ளைகளின் மௌனத்தை மந்தம் என்கிறார்கள். அது எச்சரிக்கை. வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் சாதிக் கொடுமையால் ஒரு தலித் மாணவன் பள்ளிக்கு வராமல் நின்றான். காரணம் கேட்டார்கள், சொன்னான். அன்று ராத்திரியே வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். அதன்பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறு கட்டத் தடை, வருகைப் பதிவேட்டில் சாதி கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. வேண்டியவைதான். ஆனால் பிள்ளை நம்பிச் சொன்னதைக் காப்பாற்றும் மனசைச் சட்டம் போட்டு வரவழைக்க முடியாது.

கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிகள், 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இழப்பை ஈடுகட்ட வந்தது 'இல்லம் தேடிக் கல்வி'. மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஆயிரக்கணக்கான பெண்கள் குடியிருப்புகளிலேயே சாயங்காலம் பாடம் எடுத்தார்கள். பிள்ளையின் வாசலுக்கே வகுப்பு வந்தது பெரிய காரியம். இருந்தாலும் பக்கத்தில் வருவது பாதிதான். என் வகுப்பும் அவன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் நடந்தது.

மீதிப் பாதி எது? 1855இல் புனேயில், ஃபுலே தம்பதியரின் பள்ளியில் படித்த முக்தா என்ற மாங் சாதிச் சிறுமி, மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். 'ஞானோதயா' இதழ் அதை வெளியிட்டது. அந்தப் பள்ளிகளுக்கு நடந்து போகும் வழியில் சாவித்திரிபாய் மேல் சாணியும் கல்லும் விழுந்தன. நமக்காக அடிவாங்குகிற டீச்சர் நம்மைக் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கும். அதனால்தான் பேனா பேசியது என்று நினைக்கிறேன்.

இரவுப் பள்ளி நடத்தும் தோழர்களுக்குச் சொல்வது இதுதான். பிள்ளை சொன்னதை அது அனுமதிக்காமல் யாரிடமும் சொல்லாதீர்கள், பெற்றவர்களிடம்கூட. அதன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் அது வேறு. அப்போதும் அதனிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தப்பான விடைக்குச் சிரிக்காதீர்கள்; அது எப்படி வந்தது என்று கேளுங்கள். நீங்கள் தப்புச் செய்தால் பிள்ளையிடமே போய் ஒப்புக்கொள்ளுங்கள்.

நான் போனேன், மூணு வாரம் தாமதமாக. அவன் அம்மா வரக்காப்பி கொடுத்தார். அப்பாவை வைத்துக்கொண்டே, "தப்பு எம்மேலதான்டா" என்றேன். பத்து ரூபாய்த் தாளையும் சில்லறையையும் தரையில் பரப்பிக் கழித்துக் காட்டினேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அப்ப இது கடன் இல்லீல்ல சார்" என்றான்.

இப்போது வருகிறான். கதவோரமாகத்தான் உட்கார்கிறான், செருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. உள்ளே வந்து உட்காரச் சொல்ல எனக்கு இன்னும் யோக்கியதை வரவில்லை.