கிரஞ்ச் 1991-இல் பிறக்கவில்லை

1991 செப்டம்பர் 24 அன்று நிர்வானா குழுவின் ‘நெவர்மைண்ட்’ வெளியானது. அடுத்த ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ தொகுப்பை அது பில்போர்டு பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியது. கிரஞ்ச் என்ற இசை இந்தச் சில மாதங்களில்தான் பிறந்தது என்று இன்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. மழை ஓயாத, உலகத்தோடு ஒட்டாத ஒரு மூலையில் கர்ட் கோபேன் என்ற இளைஞர் தன் கோபத்தை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு கிட்டாரை எடுத்தாராம். ஒரே பாட்டில், எண்பதுகளின் ஒப்பனை பூசிய மெட்டல் குழுக்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பினாராம். கேட்க விறுவிறுப்பான கதைதான். ஆனால் அதன் தேதி குறைந்தது ஆறு ஆண்டுகள் பிந்தியது. தேதி பிழையானதால் அதன் மேல் கட்டிய மற்றவையும் பிழையாகிவிட்டன. இந்த இசை யாருடையது, எதற்கு எதிரானது, எந்த மண்ணில் விளைந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் நாம் தவறான விடையை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம்.

முதலில் தேதியை எடுத்துக்கொள்வோம். 1986 மார்ச்சில் சியாட்டிலின் சி/ஸீ ரெக்கார்ட்ஸ் என்ற சின்னஞ்சிறு நிறுவனம் ‘டீப் சிக்ஸ்’ என்ற கூட்டுத் தொகுப்பை வெளியிட்டது. அச்சானவை 2,000 பிரதிகள். கிரீன் ரிவர், சவுண்ட்கார்டன், மெல்வின்ஸ், மல்ஃபங்ஷன், ஸ்கின் யார்ட், யூ-மென் ஆகிய ஆறு குழுக்கள் அதில் இருந்தன. பாடல்களில் பெரும்பகுதி 1985-இலேயே பதிவாகிவிட்டது. அந்த ஆண்டே கிரீன் ரிவரின் முதல் குறுந்தொகுப்பான ‘கம் ஆன் டவுன்’ வந்தது. 1987-இல் சப் பாப் நிறுவனம் அதே குழுவின் ‘டிரை ஆஸ் எ போன்’ இசைத்தட்டையும், சவுண்ட்கார்டனின் ‘ஸ்க்ரீமிங் லைஃப்’ இசைத்தட்டையும் வெளியிட்டது. 1988-இல் மட்ஹனியின் ‘டச் மீ ஐ’ம் சிக்’ வந்தபோது இந்த ஒலிக்கு முழு உருவம் கிடைத்துவிட்டது. நிர்வானாவின் முதல் சிங்கிள் ‘லவ் பஸ்’ அதற்குப் பிறகு, 1988 நவம்பரில், சப் பாப்பின் சந்தா வரிசையில் 1,000 பிரதிகளாக வந்தது. அதாவது, எந்தக் குழுவை இந்த இசையின் தொடக்கம் என்கிறோமோ, அந்தக் குழு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த அணிவகுப்பில் பின்னால் வந்து சேர்ந்தது.

இதற்கு வலுவான ஒரு மறுமொழி உண்டு. அந்தப் பழைய குழுக்கள் பங்க் வாசித்தன, அல்லது ஹெவி மெட்டல் வாசித்தன. இரண்டும் கலந்த தனி வடிவம் பின்னர்தான் வந்தது என்பார்கள். அந்தத் தட்டுகளைக் காது கொடுத்துக் கேட்டால் இந்த வாதம் நிற்காது. பங்கின் வேகத்தை உடைத்து அதற்குள் கனத்தை ஏற்றியதுதான் கிரஞ்சின் அடிப்படைச் செயல். அதை முதலில் துணிந்து செய்தவர்களில் முதன்மையானவர்கள், வாஷிங்டன் மாநிலத்தின் மான்டிசானோ என்ற சிற்றூரில் 1983-இல் தொடங்கிய மெல்வின்ஸ். கலிஃபோர்னியாவின் பிளாக் ஃபிளாக் குழு 1984-இல் ‘மை வார்’ தட்டின் இரண்டாம் பக்கத்தை இழுத்து இழுத்து, பிளாக் சப்பாத் பாணியில் வாசித்திருந்தது. வேகமே மதமாக இருந்த ஹார்ட்கோர் ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. சியாட்டில் வட்டாரத்தினர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் பிளாக் ஃபிளாக் சியாட்டிலில் வாசித்தபோது அதே மேடையில் கிரீன் ரிவரும் வாசித்தது. கிட்டாரின் அடித்தந்தியை ஒரு முழுச் சுரம் இறக்கி வாசிக்கும் முறையை மெல்வின்ஸின் பஸ் ஆஸ்போர்ன் சவுண்ட்கார்டனின் கிம் தயிலுக்குச் சொன்னார். ‘நத்திங் டு சே’ அந்தச் சுருதியில் பிறந்தது. மட்ஹனியோ தாங்கள் மிதித்த இரண்டு ஃபஸ் பெடல்களின் பெயரையே சேர்த்து ‘சூப்பர்ஃபஸ் பிக்மஃப்’ என்று தட்டுக்குப் பெயர் வைத்தது. இவை எல்லாம் 1988 முடிவதற்குள் நடந்தவை. ‘நெவர்மைண்ட்’ இந்த வடிவத்தை உருவாக்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸின் சவுண்ட் சிட்டி கூடத்தில் பட்ச் விக்கின் தயாரிப்பில் பதிவாகி, ஆண்டி வாலஸின் ஒலிக்கலவையால், அதைத் துடைத்து மெருகேற்றி வானொலிக்கு ஏற்றதாக ஆக்கியது. அது பெரிய கைத்திறன். எனக்கும் அந்தத் தட்டின் மேல் மரியாதை உண்டு. ஆனால் மெருகேற்றுவது ஈன்றெடுப்பதாகாது.

அந்தப் பழைய ஒலி எப்படி உருவானது என்பதற்குக் கணக்கு வழக்குகளே சாட்சி. சியாட்டிலின் பலார்ட் பகுதியில், முக்கோண வடிவக் கட்டடம் ஒன்றில் இருந்தது ரெசிப்ரோகல் ரெக்கார்டிங். கிறிஸ் ஹான்செக் நடத்திய அந்தக் கூடத்தில், ஸ்கின் யார்டின் கிட்டார் கலைஞரான ஜாக் என்டினோ ஒலிப்பதிவாளராக இருந்தார். ‘ஸ்க்ரீமிங் லைஃப்’, ‘சூப்பர்ஃபஸ் பிக்மஃப்’, நிர்வானாவின் முதல் தொகுப்பான ‘ப்ளீச்’ மூன்றும் அங்கேதான் பதிவாயின. ‘ப்ளீச்’சுக்கு ஆன செலவு 606 டாலர் 17 சென்ட். குறைந்த பணம், குறைந்த நேரம், வாசித்ததை வாசித்தபடியே பிடிக்கும் ஒலிப்பதிவாளர் என இவை சேர்ந்துதான் அந்தக் கரடுமுரடான ஒலி வந்தது. கலைஞரின் மனநிலையை மட்டும் வைத்து அதை விளக்குகிறவர்கள் அந்தக் கட்டடத்தையும் அந்த ஒலிப்பதிவாளரையும் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு வாதம், இவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள், நிர்வானா கதவைத் திறந்த பிறகே பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்த்தன என்பது. உண்மை நேர்மாறு. சவுண்ட்கார்டனின் ‘லவுடர் தான் லவ்’ 1989-இலேயே ஏ அண்ட் எம் என்ற பெருநிறுவனத்திலிருந்து வந்தது. மதர் லவ் போன் குழுவைப் பாலிகிராம் எடுத்துக்கொண்டது. எல்லன்ஸ்பர்க் ஊரின் ஸ்க்ரீமிங் ட்ரீஸ் எபிக் நிறுவனத்துக்குப் போனது. கொலம்பியா நிறுவனம் 1990 ஆகஸ்டில் வெளியிட்ட ஆலிஸ் இன் செயின்ஸின் ‘ஃபேஸ்லிஃப்ட்’, ‘மேன் இன் தி பாக்ஸ்’ பாட்டின் எம்டிவி ஓட்டத்தால் ‘நெவர்மைண்ட்’ கடைக்கு வருவதற்கு முன்பே தங்கத்தட்டுச் சான்று பெற்றது. லண்டனின் ‘மெலடி மேக்கர்’ இதழுக்காக எவரெட் ட்ரூ சியாட்டில் வந்து அந்தக் குழுக்களைப் பற்றி எழுதியது 1989-இல். காலவரிசையே மறுக்கும் இன்னொரு செய்தியும் உண்டு. பேர்ல் ஜாமின் ‘டென்’ 1991 ஆகஸ்ட் 27 அன்று, நிர்வானாவின் தொகுப்புக்கு நான்கு வாரம் முன்னதாகவே வெளியானது. சவுண்ட்கார்டனின் ‘பேட்மோட்டர்ஃபிங்கர்’ ‘நெவர்மைண்ட்’டுக்கு இரண்டு வாரம் கழித்து வந்தாலும், பதிவானது அதே ஆண்டின் முற்பகுதியில். நிர்வானாவைப் பார்த்து இவர்கள் யாரும் வாசித்திருக்க முடியாது. நிர்வானாவின் வெற்றி இவர்களுடைய விற்பனையைப் பன்மடங்காக்கியது என்பதை மறுக்க வேண்டியதில்லை. அது சந்தையின் வரலாறு; இசை பிறந்த வரலாறு வேறு.

கோபேன் ஒருவரே இதன் கர்த்தா என்ற நம்பிக்கைதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ஏனென்றால் அது கோபேனுக்கே செய்யும் அநீதி. தான் யாரிடம் கற்றோம் என்பதை அவர் மறைத்ததே இல்லை. அபர்டீனில் வளர்ந்த அவருக்குப் பங்க் இசையை அறிமுகப்படுத்தியவர் ஆஸ்போர்ன். மெல்வின்ஸின் ஒத்திகைகளில் சுற்றித் திரிந்தபடியே அவர் இசைக்காரர் ஆனார். 1988 ஜனவரியில் ரெசிப்ரோகலில் பதிவான நிர்வானாவின் முதல் மாதிரிப் பதிவுக்கு டிரம்ஸ் வாசித்தவர் மெல்வின்ஸின் டேல் குரோவர். ‘ஸ்லைவர்’ பாட்டுக்கு வாசித்தவர் மட்ஹனியின் டான் பீட்டர்ஸ். டேவ் குரோலை நிர்வானாவோடு சேர்த்துவைத்தவரும் ஆஸ்போர்ன்தான். போர்ட்லண்டின் வைப்பர்ஸ் குழுவின் பாடல்களை நிர்வானா மறுபதிவு செய்தது. ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ எழுதும்போது பிக்ஸீஸ் குழுவைப் பின்பற்ற முயன்றதாகக் கோபேனே சொன்னார். புகழின் உச்சியில் இருந்தபோது, 1993-இல், மெல்வின்ஸின் ‘ஹூடினி’ தொகுப்பின் தயாரிப்பிலும் கை கொடுத்தார். இவ்வளவு வெளிப்படையாகக் கடனைச் சொன்ன ஒருவரைத் தான்தோன்றி என்று கொண்டாடுவது அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் இருப்பதுதான்.

மழையைப் பற்றியும் பேசியாக வேண்டும். இந்த இசையைப் பற்றிய கட்டுரைகளில் அது அத்தனை முறை பெய்திருக்கிறது. சியாட்டிலின் ஆண்டு மழை சுமார் 950 மில்லிமீட்டர். நியூயார்க்கில் சுமார் 1,200. சியாட்டிலில் தூறல் நாட்கள் அதிகம், வானம் மூடியே இருக்கும், அதனால் இளைஞர்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அடைந்து வாசித்தார்கள் என்று திருத்திச் சொல்வார்கள். அதே வானம் போர்ட்லண்டுக்கும் உண்டு, வான்கூவருக்கும் உண்டு. மேலும், அதே மழையில்தான் அறுபதுகளில் டகோமாவின் சோனிக்ஸ் துள்ளலும் அலறலுமாக வாசித்தது. அதே வட்டாரத்தில்தான் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வளர்ந்தார். வானிலை மாறவில்லை, இசை மாறியது. எனவே காரணத்தை மனிதர்கள் செய்த ஏற்பாடுகளில் தேட வேண்டும். 1985-இல் சியாட்டில் நகராட்சி இளையோர் நடன நிகழ்ச்சிகளுக்கு 10 லட்சம் டாலர் காப்பீடு கேட்டு ஒரு விதி கொண்டுவந்தது. சிறுவர்கள் வரக்கூடிய நிகழ்ச்சிகள் ஏறக்குறைய அற்றுப்போயின. வாய்ப்புகள் சுருங்கியபோது பங்க்காரரும் மெட்டல்காரரும் ஒரே சிறு அரங்கில், ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வாசிக்க நேர்ந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கேசிஎம்யூ வானொலி இவர்களின் தட்டுகளை ஒலிபரப்பியது.

ஒதுங்கிய ஊர் என்ற வாதமும் பாதிதான் சரி. பெரிய குழுக்கள் பல சியாட்டில் வரை பயணம் வராமலே விட்டது உண்மை. ஆனால் இந்த இசையைக் கட்டியவர்கள் உலகம் தெரியாதவர்கள் அல்ல. புரூஸ் பாவிட் 1980-இல் ஒலிம்பியாவில் ‘சப்டெர்ரேனியன் பாப்’ என்ற சிற்றிதழைத் தொடங்கியதே நாட்டின் பல மூலைகளில் இருந்த சிறு குழுக்களைப் பதிவு செய்யத்தான். அதிலிருந்து முளைத்ததே சப் பாப். பாவிட்டும், சவுண்ட்கார்டனின் தயிலும் ஹிரோ யமமோட்டோவும் இல்லினாய் மாநிலத்தின் பார்க் ஃபாரஸ்ட்டிலிருந்து மேற்கே வந்தவர்கள். தயிலின் பெற்றோர் கேரளத்திலிருந்து குடிபெயர்ந்தவர்கள். பாவிட்டையும் வானொலி அறிவிப்பாளர் ஜோனதன் போன்மனையும் கூட்டாளிகளாகச் சேர்த்துவைத்தவர் தயில். சப் பாப் முழுநேர நிறுவனமானது அதன் பிறகே. இந்த இசையின் முக்கிய கிட்டார் கலைஞர்களில் ஒருவர் மலையாளிக் குடும்பத்தவர், அவருடைய முதல் பாஸ் கிட்டார் துணைவர் ஜப்பானிய வழியினர் என்பது, வெள்ளைக்கார இளைஞனின் தனிமைப் புலம்பல் என்ற படத்துக்குள் அடங்காத செய்தி.

கிளாம் மெட்டலுக்கு எதிரான கலகம் என்பதும் பின்னாளில் ஒட்டிய அடையாளம். மல்ஃபங்ஷனின் ஆண்ட்ரூ வுட் முகத்தில் வெள்ளைச் சாயம் பூசி, பளபளப்பான உடையில் மேடையேறியவர். அவர் பின்னர் பாடிய மதர் லவ் போன், பெரிய அரங்குகளைக் கனவு கண்ட, மினுக்கை வெட்கப்படாத குழு. ஆலிஸ் இன் செயின்ஸின் லேன் ஸ்டேலி தொடங்கியது ஒரு கிளாம் குழுவில். கிரீன் ரிவர் 1987-இல் உடைந்ததே இந்த இழுபறியால்தான். மார்க் ஆர்ம் பங்க் வழியைப் பிடித்து நின்றார். ஜெஃப் ஏமென்ட்டும் ஸ்டோன் கொஸார்டும் பெரிய மேடையை விரும்பினார்கள். ஒரு பக்கம் மட்ஹனி ஆனது. மறு பக்கம் மதர் லவ் போன் ஆகி, 1990 மார்ச்சில் வுட் இறந்த பிறகு பேர்ல் ஜாம் ஆனது. பங்கும் மெட்டலும் கிளாமும் ஒரே குழுவுக்குள் சண்டையிட்டுக்கொண்டதன் விளைவு இந்த இசை. பகையாளி வெளியே இருந்தான் என்பது பாதிக் கதையை வெட்டி எறிகிறது.

அப்படியென்றால் முதல் குழு எது, கிரீன் ரிவரா, மெல்வின்ஸா, யூ-மென்னா என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு பெயரைத் தரப்போவதில்லை. கோபேனை எடுத்துவிட்டு அந்தப் பீடத்தில் இன்னொருவரை உட்கார வைத்தால் அதே பிழை தொடரும். இந்தத் தேடலில் யார் விடுபட்டார்கள் என்று பார்ப்பதே பயனுள்ளது. டீனா பெல் என்ற கறுப்பினப் பெண் பாடகியை முன்னணியில் கொண்ட பாம் பாம் குழு சியாட்டிலில் 1983-இல் தொடங்கியது; கிரீன் ரிவருக்கும் சவுண்ட்கார்டனுக்கும் முந்தியது அது. அடுத்த ஆண்டே ஹான்செக்கிடம் ஒரு குறுந்தொகுப்பையும் பதிவு செய்தது. அதன் தொடக்க கால டிரம்ஸ் கலைஞர் மாட் கேமரன் பிறகு ஸ்கின் யார்டிலும், சவுண்ட்கார்டனிலும், பேர்ல் ஜாமிலும் வாசித்தார். பல நூல்கள் அவரைச் சவுண்ட்கார்டனிலிருந்து தொடங்குகின்றன. 2012-இல் இறந்த டீனா பெல்லைப் பற்றி விரிவாக எழுதத் தொடங்கியதோ அவர் மறைந்து ஆண்டுகள் கழித்துத்தான். 1991 என்ற தேதியைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை அவருக்கு அந்த வரலாற்றில் இடமே கிடைக்காது. 1983-இலிருந்து எண்ணத் தொடங்கினால் முதல் பக்கத்திலேயே அவரைப் பற்றி எழுத வேண்டியிருக்கும்.