வானம் இடிந்தால் ஊர் அழியுமா?

விண்கலம் ஒன்று உடைந்து விழுந்தால் கீழே இருக்கும் ஊர் தரைமட்டம். தப்பிக்க ஒளிக்கவசம் வேண்டும், இல்லையேல் ஏவுகணை வேண்டும். அறிவியல் புனைகதைகளில் ஊறிப்போன எண்ணம் இது. ‘டிக் டிக் டிக்’ (2018) படத்திலும் தமிழகத்தை நோக்கி வரும் விண்கல்லை ஏவுகணைதான் உடைக்கிறது. விண்கலம் விழும் கதையை ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் நடப்பதாக வைத்துப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது.

கலம் முழுதாக வந்து மோதும் என்பதே முதல் பிழை. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதறியபோது டெக்சாஸ், லூசியானா மாநிலங்களில் 80,000க்கும் மேற்பட்ட துண்டுகள் பொறுக்கப்பட்டன. கலத்தில் இருந்த ஏழு பேரும் மாண்டனர். தரையில் ஒருவருக்கும் காயமில்லை. காற்று கலத்தைக் கிழிக்கிறது, சூட்டில் பெரும்பகுதியை எரிக்கிறது, மிஞ்சிய சிறு துண்டுகளின் வேகத்தையும் தின்றுவிடுகிறது. 2024இல் ஃபுளோரிடாவில் ஒரு வீட்டுக் கூரையைத் துளைத்த விண்வெளி நிலையக் கழிவு 700 கிராம்தான். ஒரு வீட்டுக்கு அது ஆபத்து, ஊருக்கு அல்ல.

‘கதையில் வரும் கலம் மலையளவு பெரிதாயிற்றே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி; மலையளவு கலத்தின் கனத்த பாகங்கள் தரையைத் தொடவே செய்யும். ஆனால் கலம் என்பது அறைகளும் தொட்டிகளும் கொண்ட கூடு. 2013இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வந்தது ஏறத்தாழ 20 மீட்டர் கெட்டிப் பாறை. அதுவே சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துச் சிதறியது. காயமடைந்த சுமார் 1,500 பேரில் பெரும்பாலோரை வெட்டியது சன்னல் கண்ணாடி. முதலில் ஒளி வந்தது. அதைப் பார்க்கச் சன்னலருகே போனவர்கள் மேல் பிறகு வந்த அதிர்வலை கண்ணாடியைக் கொட்டியது. ‘சன்னலை விட்டு விலகுங்கள்’ என்ற ஒரு ஒலிபெருக்கி அறிவிப்பு அங்கே எந்தக் கவசத்தையும்விடப் பெரிய காவலாக இருந்திருக்கும்.

ஏவுகணையோ ஒரு சிதைவைப் பல சிதைவாக்கும். உண்மையில் ஊர்களைக் காப்பது பாதைத் தேர்வு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க எரிபொருளைச் செலவழித்து வளைந்து போகிறது. குலசேகரன்பட்டினத்தில் தளம் அமைவதற்கும் அங்கிருந்து நேர் தெற்கே கடல் மட்டும் இருப்பதே காரணம். 2015 நவம்பர் 13 அன்று டபிள்யூடி1190எஃப் என்ற விண்குப்பை இலங்கையின் தென்கடல் மேலே எரிந்து விழுந்தபோதும், நாளும் நேரமும் முன்பே கணிக்கப்பட்டிருந்தன.

அப்படியானால் கடல்தான் கவசம். அந்தக் கவசத்தின் மேல் மனிதர்கள் தொழில் செய்கிறார்கள் என்பதைக் கதைகள் மறந்துவிடுகின்றன. தங்கச்சிமடத்து விசைப்படகு மீன்துறையின் டோக்கன் இல்லாமல் கிளம்ப முடியாது. ஆண்டுக்கு 61 நாள் தடைக்காலம், பாம்பனில் புயல் கூண்டு ஏறும் நாட்கள் எல்லாம் ஏற்கெனவே போக, விண்சிதைவுக்கும் கடலை மூடினால் அந்த இழப்பு யாருடையது? சில மணி நேரம்தானே என்பது கரையில் இருப்பவர் கணக்கு. ஐஸ் ஏற்றி டீசல் நிரப்பிய படகுக்குக் காலை தவறினால் அன்றைய பாடு போயிற்று. ஐஸ் உருகிக்கொண்டே இருக்கும். விண்பொருள்கள் பற்றிய 1972 பன்னாட்டுப் பொறுப்பு ஒப்பந்தம் சேதம் என்று சொல்வது உயிரிழப்பு, காயம், சொத்திழப்பு ஆகியவற்றைத்தான். அதுவும் ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்குப் பொருந்தாது. சிதைவிலிருந்து தப்பும் நகரத்தை எழுதுகிறவர் அதன் துறைமுகத்தில் புயல் கூண்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கூண்டையும், அது ஏறிய அன்றே படகுக்காரர் கையில் சேரும் நிவாரணத்தையும் எழுத வேண்டும்.