முனைவர் படிப்புக்கு வீட்டை அடகு வைக்காதீர்கள்!

பெர்மாஸ் ஜெயா பெற்றோர்களே, பட்டம் முடித்த உங்கள் மகனோ மகளோ "வெளிநாட்டில் பிஎச்டி படிக்கப் போகிறேன்" என்றால் முதலில் மனத்தில் எழும் கேள்வி எது? காசுக்கு எங்கே போவது என்பதுதானே! ஈபிஎஃப் பணமா, வீட்டு அடமானமா என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறோம்.

கொஞ்சம் பொறுங்கள். முனைவர் படிப்பு மற்ற படிப்புகளைப் போன்றதல்ல. மாணவர் அங்கே ஆராய்ச்சி வேலையும் செய்கிறார். அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் துறைகளில் பல்கலைக்கழகமே கட்டணத்தை ஏற்று மாதப் படியும் கொடுப்பது பெரும்பாலும் வழக்கம். பல துறைகளில் முதுகலை இல்லாமலேயே விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியில் ஆய்வு மாணவர்கள் பலர் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். அவ்வளவு தூரம் ஏன்? நம் ஆட்கள் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் கடக்கும் பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரின் 'சிங்கா' விருது வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே இருக்கிறது. கட்டணம், மாத உதவித்தொகை இரண்டும் நான்கு ஆண்டுவரை உண்டு. அங்கே நாமும் வெளிநாட்டவர்தானே!

மாரா கல்விக் கடன் பூமிபுத்ராக்களுக்கு மட்டும். அதைப் பற்றிய நம் கேள்வி இருக்கட்டும். 'சிங்கா' விண்ணப்பத்தில் பூமிபுத்ராவா என்று யாரும் கேட்பதில்லை.

பிறகு ஏன் நம் பிள்ளைகள் குறைவு? தகவல் வீட்டுக்கு வருவதில்லை. வருவதெல்லாம் ஏஜெண்டுதான். அவருக்குக் கமிஷன் கிடைப்பது கட்டணம் கட்டிப் படிக்கும் முதுகலையில். அதனால் அதைத்தான் விற்பார். "பிஎச்டி இடம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிள்ளையே பேராசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதலாம், தமக்குப் பிடித்த ஆய்வைச் சொல்லி. அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடியும்; பரிந்துரைக் கடிதம் தரும் விரிவுரையாளர்களிடம் செப்டம்பரிலேயே கேட்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் கனமாகத் தெரிந்தால் விலக்குக் கேட்டு எழுதலாம். பல இடங்களில் கொடுக்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. உதவித்தொகை ஒருவர் வாழப் போதும், வீட்டுக்கு அனுப்பப் போதாது. மூத்த பிள்ளையின் சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு நான்கைந்து ஆண்டு பெரிய காலம். தம்பி தங்கை படிப்பு, வீட்டுத் தவணை, பிடிபிடிஎன் கடன் எல்லாவற்றையும் எழுதி வைத்து, பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். கடன் தவணையை ஒத்திவைக்க முடியுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு டிக்கெட் எடுக்கலாம்.