பகுதிநேரச் சிப்பாயின் முழுநேர வேலை

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்து இந்தியாவும் பாகிஸ்தானும் போரின் வாசலுக்கே வந்து நின்ற நாட்களில், மே 6ஆம் தேதியிட்ட அறிவிக்கை ஒன்றை ஒன்றிய அரசு வெளியிட்டது. 1948ஆம் ஆண்டின் பிராந்திய ராணுவ விதிகளில் 33ஆவது விதியின்படி, அப்படையில் பெயர் பதிந்துள்ள எந்த அதிகாரியையும் எந்த வீரரையும் காவற்பணிக்கோ, முறையான தரைப்படைக்குத் துணையாகவோ அழைத்துக்கொள்ளும் அதிகாரம் தரைப்படைத் தளபதிக்கு வழங்கப்பட்டிருப்பதாக அது கூறியது. அப்படையின் 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14ஐப் பணிக்கு எழுப்ப ஒப்புதல் தந்த அந்த அறிவிக்கை 2028 பிப்ரவரி 9 வரை செல்லும். மே 10 அன்று சண்டிகரில், குடிமைப் பாதுகாப்புத் தொண்டர்களாகப் பதிந்துகொள்ள ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திரண்டனர். குடிமைப் பாதுகாப்பு என்பது ஆயுதமில்லாத மீட்புப் பணி. பிராந்திய ராணுவம் ஆயுதம் ஏந்தும் படை. சட்டத்தின் கண்ணில் இரண்டும் வெவ்வேறானவை என்றாலும், முன்வந்த இளைஞரின் மனத்தில் இரண்டுக்கும் ஊற்றுக்கண் ஒன்றே.

பிராந்திய ராணுவம் என்பது வேறொரு தொழில் செய்து பிழைக்கும் குடிமகன் ஆண்டில் ஏறத்தாழ இரண்டு மாதம் சீருடை அணிந்து பயிற்சி பெறுவதையும், நெருக்கடி வரும்போது தொழிலை விட்டுவிட்டுப் படையில் நிற்பதையும், நெருக்கடி தீர்ந்ததும் பழைய தொழிலுக்கே திரும்புவதையும் அடிப்படையாகக் கொண்ட அமைப்பு. 1920இல் ஆங்கிலேய அரசு இயற்றிய இந்தியப் பிராந்தியப் படைச் சட்டத்தின் வழிவந்த இதை, 1948இல் புதிய சட்டத்தின் மூலம் சுதந்திர இந்தியா தனதாக்கிக்கொண்டது. 1949 அக்டோபர் 9 அன்று அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி இதைத் தொடங்கிவைத்தார். 1962, 1965, 1971 போர்களில் பங்கேற்ற இப்படையை இன்றைய தமிழ் இளைஞர்களில் பலர் அறிந்திருப்பது, கௌரவ லெப்டினன்ட் கர்னலான மகேந்திர சிங் தோனி 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இதன் பட்டாலியன் ஒன்றுடன் தங்கிப் பணியாற்றிய செய்தியின் வழியாகத்தான். ஆனால் கொங்கு மண்ணுக்கு இப்படையோடுள்ள உறவு அதைவிட மிகப் பழையது.

1920களில் பழைய மெட்ராஸ் ரெஜிமெண்ட் கலைக்கப்பட்டபோது, தென்னாட்டார் போர்க்குணம் இல்லாதவர்கள் என்ற காலனியக் கருத்தே அதற்கு நியாயமாகச் சொல்லப்பட்டது. இரண்டாம் உலகப் போர் நெருக்கியதும் 1941–42இல் அந்த ரெஜிமெண்டை மீண்டும் உருவாக்க வேண்டியிருந்தது. அதற்கு விதைநெல்லாக உதவியவை மாகாணத்தில் எஞ்சியிருந்த பிராந்தியப் படைப் பட்டாலியன்களே. ரெஜிமெண்டின் பயிற்சி மையம் 1942இல் கோவைக்கு அருகே மதுக்கரையில் அமைந்தது. 1947இல்தான் அது வெலிங்டனுக்குச் சென்றது. போர்க்காலத்தில் திடீரென ஒரு படையைப் படைத்துவிட முடியாது, அமைதிக் காலத்தில் வளர்த்து வைத்தவர்களைக் கொண்டே அதைப் பெருக்க முடியும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று இப்பகுதிக்குத் தேவையில்லை. இன்றும் 110ஆவது பிராந்திய ராணுவக் காலாட்படைப் பட்டாலியன் (மெட்ராஸ்) கோவையையே தளமாகக் கொண்டுள்ளது.

உடுமலைக்கும் பழனிக்கும் இடையே, அமராவதி ஆற்றங்கரையில் இருக்கும் மடத்துக்குளம் வட்டத்தில் நின்று பார்த்தால், இப்படையில் சேர முன்வரும் இளைஞர் யார் என்ற கேள்வி கூர்மையாகத் தெரிகிறது. இங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள அமராவதி நகர் சைனிக் பள்ளி, சீனப் போர் மூண்ட அதே 1962இல் தொடங்கப்பட்டது. அதிகாரிகளாகப் போகும் மாணவரை உருவாக்குவது அதன் நோக்கம். அந்தப் பள்ளியின் நுழைவுத் தேர்வை எட்டாத, குமரலிங்கம், கணியூர், கொழுமம் பக்கத்துப் பத்தாம் வகுப்புப் பையனுக்கு ராணுவத்தின் கதவு ஆட்சேர்ப்பு முகாம் ஒன்றுதான். அந்தப் பையனின் ஊரில் நெல்லும் கரும்பும் உண்டு. ஆனால் கிருஷ்ணாபுரத்தில் உள்ள அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் அண்மைப் பருவங்களில் அரவை தடைப்பட்டதால் கரும்பின் மீது நம்பிக்கை தளர்ந்துவிட்டது. எஞ்சியிருப்பது காகித ஆலை, நூற்பாலை, இல்லையென்றால் திருப்பூர்.

2024–25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த திருப்பூரில் வேலைக்குப் பஞ்சமில்லை என்று சொல்வது எளிது, அதில் உண்மையும் உண்டு. பஞ்சம் வேலைக்கு உரிய எழுத்துச் சான்றுக்குத்தான். பவர் டேபிளில் ஓவர்லாக் தைப்பவருக்கு ஷிப்டுக்கு இவ்வளவு அல்லது பீஸுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுகிறது. சனிக்கிழமை மாலையில் கணக்குத் தீர்கிறது. அடுத்த வாரம் வேறு காண்ட்ராக்டரிடம் வேறு கம்பெனியில் நிற்க வேண்டியிருக்கலாம். வருங்கால வைப்பு நிதியிலும் இ.எஸ்.ஐ.யிலும் பெயர் ஏறாதவர்கள் ஜாப்வொர்க் யூனிட்டுகளில் ஏராளம். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீது 50 சதவீத வரி விதித்தபோது ஆர்டர்கள் நின்ற அடி முதலில் விழுந்ததும் இவர்கள் தலையில்தான்.

பகுதிநேரப் படை என்னும் கருத்தின் வலுக்குறைவு இங்கேதான் வெளிப்படுகிறது. சட்டம் இயற்றியவர்கள் இதை எண்ணிப்பார்க்காதவர்கள் அல்லர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஏ பிரிவு, பிராந்திய ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டவரை, பணி முடிந்து திரும்பும்போது முன்பிருந்ததற்குக் குறையாத நிலைமைகளில் மீண்டும் வேலையில் அமர்த்துவது முதலாளியின் கடமை என்கிறது. அக்கடமையிலிருந்து தப்புவதற்காகவே அழைப்பு வருமுன் வேலையை விட்டு நீக்கினாலும் அது அவரைப் பிடிக்கும். மறுக்கும் முதலாளி ஆறு மாத ஊதியத்துக்கு மிகாத தொகையை இழப்பீடாகத் தர உத்தரவிடவும் அது இடமளிக்கிறது. அடுத்த பிரிவான 7பி, வைப்பு நிதி போன்ற உரிமைகளைக் காக்கிறது. நல்ல சட்டம். ஆனால் மஸ்டர் ரோலில் பெயர் இல்லாதவருக்கு முதலாளி யார் என்பதையே நிறுவ முடியாது. பீஸ் ரேட்டுக்குத் தைத்தவருக்கு ஆறு மாத ஊதியத்தை எந்தக் கணக்கில் தீர்மானிப்பது? ரயில்வேயிலும் எண்ணெய்–எரிவாயுப் பொதுத்துறை நிறுவனங்களிலும் பணிபுரிவோரைக் கொண்டே அமைந்த பிராந்திய ராணுவப் பிரிவுகள் உண்டு; அவர்களுக்கு இச்சட்டம் முழுக் கவசம். பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு அது ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

இதன் விளைவு, பிராந்திய ராணுவம் தன் பெயருக்கு மாறானதொன்றாக ஆகிக்கொண்டிருப்பது. வேலை உள்ளவர் நாட்டுக்காகச் சிறிது காலம் தருவதற்கென்று அமைந்த படைக்கு, வேலை இல்லாதவர் வேலை தேடி வருகிறார். இதற்குப் போர்ச் சூழல்கூடத் தேவைப்படவில்லை என்பது கவனத்துக்குரியது. பஹல்காமுக்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே, 2024 நவம்பரில், கோவையில் நடந்த பிராந்திய ராணுவ ஆட்சேர்ப்பு முகாமுக்குப் பல மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்தனர். அதே மாதம் உத்தராகண்டின் பித்தோராகரில் மிகச் சில இடங்களுக்கு ஏறத்தாழ 20,000 பேர் திரண்டு நெரிசலில் சிக்கினர். 2020 முதல் 2022 வரை கொரோனாவால் தரைப்படை ஆட்சேர்ப்பு நின்றதும், 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டம் நான்கு ஆண்டுகளுக்குப் பின் நால்வரில் ஒருவரையே தக்கவைப்பதும் இந்தக் கூட்டத்தைப் பெருக்கியிருக்கின்றன. அக்னிபாத்தின் வயது வரம்பு இருபதுகளின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. பிராந்திய ராணுவத்துக்கு 42 வரை போகலாம். அக்னிபாத்தின் வரம்பைத் தாண்டிய இளைஞருக்கு இதுவே கடைசிக் கதவு. ஆனால் பிராந்திய ராணுவம் முழுநேர வேலைக்கோ ஓய்வூதியத்துக்கோ உறுதி தருவதில்லை. பணிக்கு அழைக்கப்பட்டிருக்கும் காலத்துக்கு மட்டுமே சம்பளம். அவ்வாறு அழைக்கப்பட்ட காலங்கள் சேர்ந்து 15 ஆண்டுகளானால்தான் வீரருக்கு ஓய்வூதியம்.

வருகிறவர்கள் தேசப்பற்றால் வருகிறார்களா, சம்பளத்துக்காக வருகிறார்களா என்று பிரித்துக் கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியே அந்த இளைஞர்களுக்கு இழைக்கும் அநீதி. வயிற்றுப்பாட்டுக்காகச் சேர்ந்தவரின் உயிர், பற்றினால் சேர்ந்தவரின் உயிரைவிட மலிவானதல்ல. எல்லையில் இருவரும் ஒரே பதுங்குகுழியில்தான் நிற்கிறார்கள். கேட்க வேண்டியது, அழைத்தவர்கள் தம் பங்கைச் செய்தார்களா என்பதுதான்.

மற்ற நாடுகளின் அனுபவம் இதில் பயன்படும். 1939 மார்ச்சில் பிரிட்டன் தன் பிராந்திய ராணுவத்தை இரட்டிப்பாக்க அறிவித்தபோது இளைஞர்கள் குவிந்தார்கள், ஆனால் அவர்களுக்குத் தர ஆயுதமும் பயிற்சியாளரும் போதவில்லை. உக்ரைனில் பிராந்தியப் பாதுகாப்புப் படைக்கான சட்டம் 2022 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அடுத்த எட்டு வாரங்களுக்குள் போர் மூண்டுவிட்டதால், மரத் துப்பாக்கியுடன் வார இறுதிகளில் பழகியவர்களும் களத்துக்குப் போக நேர்ந்தது. முன்கூட்டியே தயாராவது என்பது ஆயுதத்தோடு முடிவதல்ல, வேலைப் பாதுகாப்பையும் அது உள்ளடக்கியது. அமெரிக்காவின் 1994ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்தாண்டு வரையிலான படைப்பணிக்குப் பின்னும் பழைய வேலையைக் கோரும் உரிமையைத் தருகிறது. பிரிட்டன் ஒரு படி மேலே போய், 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், தம் தொழிலாளி படைக்கு அழைக்கப்படும் சிறு நிறுவனங்களுக்கு மாதம் 500 பவுண்டு வரை அரசே கொடுக்க வழிசெய்தது. இருபது மெஷின் வைத்துப் பிழைப்பு நடத்தும் யூனிட்டுக்காரரிடம், தேர்ந்த டெய்லர் ஒருவரை இரண்டு மாதம் விட்டுக்கொடு என்று சட்டம் கட்டளையிட்டால் மட்டும் போதாது. ஷிப்மெண்ட் தேதி நெருங்கும்போது அவருக்கு ஏற்படும் நட்டத்தை நாடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற நியாயம் இதில் அடங்கியிருக்கிறது. திருப்பூருக்கு மிகவும் பொருந்துவது இந்த ஏற்பாடே.

இதற்கு அவசரம் உண்டு. அக்னிபாத்தின் முதல் அணியினருடைய நான்காண்டு 2026 இறுதியிலிருந்து முடியத் தொடங்குகிறது. நால்வரில் மூவர் ஊர் திரும்புவார்கள். இயல்பான ரிசர்வ் படையாக, அதாவது மீண்டும் அழைக்கக்கூடிய பயிற்சி பெற்றவர்களாக, அவர்களைவிடத் தகுதியானவர் இல்லை. ஆனால் முறையான வேலை அமையாதவரை ரிசர்வ் படையில் சேர்ப்பது, அவரது வறுமையை நாட்டின் பாதுகாப்புக்கு ஈடாக வைப்பதாகும்.

ஆகவே தமிழக அரசின் தொழிலாளர் துறையும் திருப்பூரின் ஏற்றுமதியாளர் சங்கங்களும் இரண்டு காரியங்களை இப்போதே தொடங்கலாம். பிராந்திய ராணுவத்தில் பதிந்த ஒவ்வொரு தொழிலாளிக்கும், அவர் காண்ட்ராக்டர் வழியாக வந்தவரானாலும், முதன்மை நிறுவனத்தின் பெயரிலேயே எழுத்து மூலமான வேலைச் சான்றும் திரும்பி வரும் உரிமையும் தரப்பட வேண்டும். அவரது பயிற்சி மாதங்களுக்காகச் சிறு யூனிட்டுகளுக்கு ஒன்றிய அரசு ஈட்டுத்தொகை வழங்க வேண்டும் என்ற கோரிக்கையை மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவையில் எழுப்ப வேண்டும்.