மலை யாருக்கு? மலையின் கல் யாருக்கு?

கூலிக்குக் கல் உடைப்பவர்களை நாம் அறிவோம். கைக்காசு செலவழித்து, மலை ஏறிப் போய்க் கல் உடைப்பவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்றால் நம் தோழர்கள் சிரிப்பார்கள். "வேலை இல்லாதவன் வேலை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். சிரிப்பதற்கு முன் விஷயத்தை முழுதும் கேளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அமெரிக்க நாட்டில் பல ஊர்களில் கல் சேகரிப்போர் சங்கங்கள் இருக்கின்றன. 1930-களில் பெருகத் தொடங்கிய இந்தச் சங்கங்கள் 1947-ல் தேசிய அளவில் ஒரு சம்மேளனமும் அமைத்துக்கொண்டன. உபாத்தியாயர், குமாஸ்தா, தச்சர், ஓய்வு பெற்ற மெக்கானிக், வீட்டுப் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று பலரும் இவற்றில் அங்கத்தினர். லீவு நாளில் கூட்டமாகக் கிளம்பி மலைக்குப் போவார்கள். வெறும் கையோடு போவார்கள். பை நிறையக் கல்லோடு திரும்புவார்கள்.

அவர்கள் போகும் மலைகளில் ஒன்று கொலராடோ மாநிலத்தில் உள்ள ஆன்டெரோ சிகரம். உயரம் 14,000 அடிக்கு மேல். நம் தொட்டபெட்டாவைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகம். கோடை பிறந்து வெகு நாள் வரை பாதையில் பனி கிடக்கும். மரம், செடி எல்லாம் பாதி வழியிலேயே நின்றுவிடும். மேலே மொட்டைப் பாறைதான். பிற்பகலில் இடி மின்னல் வந்துவிடும் என்பதால் விடியுமுன் கிளம்பி, உச்சிப் பொழுதுக்குள் இறங்கத் தொடங்க வேண்டும். இத்தனை சிரமம் எதற்கு? அங்கே பாறைப் பொந்துகளில் அக்குவாமரின் என்ற நீலப் படிகக் கல் கிடைக்கிறது. 1971 முதல் அதுதான் கொலராடோ மாநிலத்தின் அடையாள ரத்தினம்.

இந்தக் கல் எப்படி உண்டாகிறது? கல்கண்டு காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். பாகு மெல்ல மெல்ல ஆறினால் கட்டி கட்டியாக, பட்டை தீட்டியது போலக் கல்கண்டு விளைகிறது. அதைப் போலத்தான் மலையும். பூமிக்கு அடியில் உருகிக் கிடந்த பாறைக் குழம்பு லட்சக்கணக்கான ஆண்டுகளாக ஆறிக் கருங்கல் போன்ற பாறையாக இறுகிற்று. கடைசியில் மிஞ்சிய கொஞ்சம் சாறு, நீரும் அபூர்வ உலோகச் சத்துகளும் சேர்ந்து, பொந்துகளில் தேங்கியது. அங்கே இடம் கிடைத்ததால் படிகங்கள் நீண்டு வளர்ந்தன. பெரில்லியம் என்ற உலோகம் சேர்ந்த படிகத்தில் சிறிதளவு இரும்பு கலந்ததால் அந்த நீல நிறம். நாம் வரப்போரத்தில் காலில் இடறித் தள்ளிவிடுகிற வெங்கச்சங்கல்லும் இந்தக் குடும்பத்துப் பங்காளிதான்.

கல்லைத் தேடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. சரிவில் உருண்டு கிடக்கும் சில்லைப் பார்த்துவிட்டால், அது எங்கிருந்து வந்தது என்று தடம் பிடித்து மேல்நோக்கிப் போக வேண்டும். வயலில் தண்ணீர் பாய்ந்த தடத்தைப் பிடித்துப் போய் மடை உடைந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறானே விவசாயத் தொழிலாளி, அதே புத்திதான் இதற்கும் வேண்டும்.

கூட்டத்துக்கு ஒரு தலைவர் உண்டு. சொந்த நிலமானால் உடையவரிடம் அனுமதி கேட்க வேண்டும். பிறர் உரிமை பதிந்த இடத்தில் சுத்தியல் வைக்கக் கூடாது. தோண்டிய குழியை மூட வேண்டும். ஆடு மாடு விழுந்து கால் ஒடியக் கூடாது. பாழடைந்த சுரங்கத்துக்குள் தலையை நீட்டக் கூடாது. கல்லை உடைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும். எடுத்த கல்லைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, எந்த மலை, எந்தச் சரிவு, எந்தத் தேதி என்று சீட்டு எழுதி வைக்க வேண்டும். சீட்டு இல்லாத கல்லுக்கு விஞ்ஞானத்தில் மதிப்பில்லை.

இதில் கேலி செய்ய என்ன இருக்கிறது? வாரம் முழுதும் உழைத்தவன், தன் ஓய்வு நாளில் குடும்பத்தோடு மலை ஏறி, பூமி உண்டான கதையைத் தன் கையாலேயே தோண்டிப் படிக்கிறான். எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை என்று உலகத் தொழிலாளர்கள் ரத்தம் சிந்திப் பெற்றது வெறும் தூக்கத்துக்காக மட்டுமல்ல. மனிதனாக வாழ்வதற்கு. அந்த ஓய்வை அறிவுக்குச் செலவிடுபவனை நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அதே மலைகளுக்கு இன்னொருவரும் சுத்தியலோடு வருகிறார். அவருடைய சுத்தியல் பெரியது.

கல்மரத்தை எடுத்துக்கொள்வோம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்து கல்லாகிப் போன மரம் அது. அமெரிக்கப் பொது நிலத்தில் ஒருவர் பொழுதுபோக்குக்காகக் கல்மரம் எடுத்தால், ஒரு நாளைக்கு 25 பவுண்டும் ஒரு துண்டும்தான் எடுக்கலாம். ஆண்டு முழுதும் சேர்ந்து 250 பவுண்டுக்கு மேல் கூடாது. அதாவது சுமார் 113 கிலோ. விற்கவும் கூடாது. நாலு பேர் பங்கைச் சேர்த்து ஒரு பெரிய துண்டாகத் தூக்கவும் கூடாது. அரிசோனாவில் கல்மரக் காடு என்ற தேசியப் பூங்காவிலோ ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது.

நல்ல சட்டம். பொதுச் சொத்து எல்லோருக்கும், வரப்போகிற பேரப்பிள்ளைகளுக்கும் மிஞ்ச வேண்டும். இதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் அதே நாட்டில் 1872-ல் செய்த சுரங்கச் சட்டம் ஒன்று இன்றும் உயிரோடு இருக்கிறது. பொது நிலத்தில் தங்கம், வெள்ளி, தாமிரம் கண்டவன் எல்லைக் குச்சி நட்டு உரிமை பதியலாம். வெட்டி எடுக்கும் உலோகத்தில் மத்திய சர்க்காருக்குப் பங்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் 1920-ல் வந்த சட்டப்படி பங்கு உண்டு. தங்கத்துக்கு இல்லை! கழுதை மேல் மண்வெட்டி ஏற்றிக்கொண்டு தனி ஆளாக அலைந்த ஏழைக்காகச் செய்த சட்டம் என்று சொல்வார்கள். இன்று கழுதையும் இல்லை, அந்த ஏழையும் இல்லை. ராட்சத இயந்திரங்களும் கம்பெனிகளும்தான் இருக்கின்றன.

இந்தச் சட்டப்படி நிலத்தையே ஏக்கர் இரண்டரை டாலருக்கும் ஐந்து டாலருக்கும் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. 1994-ல் நெவாடா மாநிலத்தில் அமெரிக்கன் பாரிக் என்ற கம்பெனிக்கு 1,949 ஏக்கர் பொது நிலம் 9,765 டாலருக்குப் போயிற்று. அந்த நிலத்துக்குள் இருந்த தங்கத்தின் மதிப்பு 1,000 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். கோர்ட் உத்தரவினால் கையெழுத்துப் போட வேண்டியிருந்த உள்நாட்டு இலாகா அமைச்சர் புரூஸ் பாபிட்டே இது அநியாயம் என்று பகிரங்கமாகப் புலம்பினார். அதே ஆண்டில் புதிதாக இப்படி நிலம் எழுதிக் கொடுப்பது நிறுத்தி வைக்கப்பட்டது. உலோகத்தில் பங்கு கொடுக்காத ஏற்பாடோ இன்னும் நீடிக்கிறது.

பையில் கல் சுமப்பவனைத் தராசில் நிறுத்துகிறார்கள். மலையையே சுமப்பவனுக்குத் தராசு இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவது ஒருவரும் அந்த மலையில் இருந்தார். சீட்டு எழுதாதவர் அவர்.

அரிசோனாவில் பிஸ்பி என்பது மலைச் சரிவில் உள்ள தாமிரச் சுரங்க ஊர். அங்கே வெட்டிய நீல நிற அசுரைட், பச்சை நிற மாலகைட் கற்கள் இன்று உலகத்துப் பெரிய காட்சிசாலைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஜொலிக்கின்றன. அவை எப்படித் தப்பின? கம்பெனிக்கு அவை வெறும் தாமிரம். உலைக்குப் போக வேண்டியவை. சுரங்கத் தொழிலாளிதான் அழகு கண்டு, பல கற்களைத் தன் சாப்பாட்டுத் தூக்கில் வைத்து மேலே கொண்டுவந்தான். அவன் கண் பார்த்திராவிட்டால் அவை உருகிக் கம்பியாகிப் போயிருக்கும்.

அந்த ஊரில் 1917-ல் நடந்ததைக் கேளுங்கள். ஆள் உள்ளே இருக்கும்போது வெடி வைக்காதே, துளையிடும் இயந்திரத்துக்கு இரண்டு ஆள் போடு, சங்கத்தில் சேர்ந்தவனை ஒதுக்காதே, தாமிர விலையோடு ஏறி இறங்குகிற கூலியை நிலையான கூலியாக்கு என்று கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 12 அதிகாலையில் ஷெரீப் தலைமையில் சுமார் 2,000 ஆயுதபாணிகள் வீடு வீடாகப் புகுந்து ஆட்களைப் பிடித்தார்கள். சுமார் 1,200 பேரைக் கால்நடை ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்து, பக்கத்து மாநிலமான நியூ மெக்ஸிகோவின் பாலைவனத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். நடுக்கோடையில்! ஜனாதிபதி வில்சன் நியமித்த விசாரணைக் குழு, இதற்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை என்று அறிக்கை தந்தது. தண்டனை அடைந்தவர் ஒருவரும் இல்லை.

காட்சிசாலையில் அந்த நீலக் கல்லுக்குக் கீழே சீட்டு இருக்கிறது. கல்லின் பெயர் இருக்கிறது, ஊரின் பெயர் இருக்கிறது, தானம் கொடுத்த தனவானின் பெயரும் இருக்கும். தூக்கில் வைத்துக் கொண்டுவந்தவன் பெயரைத் தேடிப் பாருங்கள், அநேகமாகக் கிடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேகரிப்போர் ஆசையோடு கையில் ஏந்துகிற வெங்கச்சங்கல் படிகம் இருக்கிறதே, அதன் சத்துக்கு சிலிக்கா என்று பெயர். படிகமாக இருக்கும் வரை அது அழகு. பொடியாகி மூச்சில் ஏறினால் அது எமன். மேற்கு வர்ஜீனியாவில் 1930-ல் ஆற்றைத் திருப்பி மின்சாரம் எடுக்க, கௌலி மலையைக் குடைந்து மூன்று மைல் நீளத்துக்கு வழி வெட்டினார்கள். ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கவழி என்று பெயர். பாறை ஏறக்குறையச் சுத்தமான சிலிக்கா. தண்ணீர் தெளிக்காமல் துளைத்தார்கள். தொழிலாளிக்கு முகமூடி இல்லை. பிழைப்புத் தேடித் தெற்கிலிருந்து வந்த நீக்ரோ மக்கள்தான் அதில் பெரும்பகுதி. 476 பேர் மாண்டதாக 1936-ல் அமெரிக்கப் பார்லிமெண்ட் விசாரணையில் கூறப்பட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் கணக்கு 700-ஐயும் தாண்டுகிறது. பஞ்சுத் தூசி நெஞ்சில் அடைத்து இருமுகிற மில் தொழிலாளிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லைப் பற்றிய அறிவு பொழுதுபோக்கு மட்டும்தானா, சொல்லுங்கள். எந்தப் பாறையில் எவ்வளவு சிலிக்கா இருக்கிறது என்று தெரிந்தவன், தண்ணீர் தெளி, முகமூடி கொடு என்று வாய் திறந்து கேட்பான். தெரியாதவன் இருமிக்கொண்டே சாவான். அறிவு கல் சேகரிப்போரின் கையிலும் கம்பெனியின் கையிலும் மட்டும் இருந்தால் போதாது. கல் உடைப்பவன் கைக்கு வர வேண்டும்.

நம் ஊரிலும் இதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கருங்கல்லுக்கு உலக விஞ்ஞான ஏடுகளில் என்ன பெயர் தெரியுமா? சார்னோக்கைட்! ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளைக்காரர் 1693-ல் கல்கத்தாவில் இறந்தார். அவர் சமாதிக்குச் சென்னைப் பக்கத்துக் கல் போயிற்று. ஹாலந்து என்ற துரை 1893-ல் அந்தச் சமாதிக் கல்லின் பேரைச் சொல்லி இந்தப் பாறைக்கே சார்னாக் பெயரைச் சூட்டினார். இன்று எந்தக் கண்டத்தில் அந்தக் கல் அகப்பட்டாலும் அந்தப் பெயர்தான். அதை மலையிலிருந்து பெயர்த்தவன் யார்? உளி பிடித்துச் செதுக்கியவன் யார்? எந்த ஏட்டிலும் இல்லை.

"வயிற்றுப்பாட்டுக்கே வழியைக் காணோம், கல் பொறுக்கப் போகச் சொல்கிறீர்களா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கூலிக்கும் சோற்றுக்கும் போராடுவதை விட்டுவிட்டுக் கல் பொறுக்கச் சொல்லவில்லை. ஆனால் மலையைப் பற்றி எதுவும் தெரியாதவனிடமிருந்து மலையைப் பறிப்பது சுலபம். தன் ஊர்க் குன்றில் என்ன இருக்கிறது என்று அறியாத ஜனங்களிடம், யாராவது ஒரு காகிதத்தை நீட்டிக் கைநாட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவான். அறிந்த ஜனங்கள் கேள்வி கேட்பார்கள். எவ்வளவு எடுக்கிறாய், எங்களுக்கு என்ன பங்கு, குழியை யார் மூடுவது, தூசிக்கு என்ன ஏற்பாடு என்று கேட்பார்கள்.

ஆகவே ஒரு யோசனை சொல்கிறோம். அடுத்த ஓய்வு நாளில், சங்கத்து வாலிபர்களும் பிள்ளைகளும் ஒரு பள்ளி உபாத்தியாயரைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் குன்றுக்குப் போகட்டும். கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளத்தில் இறங்க வேண்டாம். திருவக்கரைக் கல்மரப் பூங்காவைப் போலப் பாதுகாக்கப்பட்ட இடங்களில் கண்ணால் பார்ப்பதோடு நிற்கட்டும். மற்ற இடங்களில் கேட்டுக்கொண்டு, கீழே கிடக்கும் நாலு சில்லை எடுத்து வந்து, படிப்பகத்து அலமாரியில் வரிசையாக வைக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதட்டும்: கல்லின் பெயர், குன்றின் பெயர், தேதி.

நாலாவதாக ஒரு வரியும் எழுதச் சொல்கிறோம். கண்டெடுத்தவர் பெயர். நெசவு மில் தொழிலாளி மகளானாலும் சரி, நாற்று நடுகிறவர் மகனானாலும் சரி, அந்தப் பெயர் அந்தச் சீட்டில் தெளிவாக இருக்க வேண்டும்.