தண்ணீர் இறங்கினால் வெளிச்சம்

நல்ல கருத்தைக் கதையாகச் சொன்னால் குழந்தைக்கும் புரியும், பாட்டிக்கும் புரியும். ஏசுநாதர் இதை நன்கு அறிந்தவர். அவர் பெரிய பெரிய தத்துவம் பேசவில்லை. விதை விதைக்கும் உழவன், மாவைப் புளிக்க வைக்கும் பெண், தொலைந்த காசுக்காக விளக்கேற்றி வீட்டைப் பெருக்கும் தாய் - இவர்களைப் பற்றியே பேசினார். கேட்டவர்கள் தங்கள் வீட்டையே அந்தக் கதைகளில் கண்டார்கள்.

இன்றும் கதைகளுக்குப் பஞ்சம் இல்லை. கோவிலில் போதகர் சொல்கிறார். ஓய்வுநாள் பள்ளியில் ஆசிரியை சொல்கிறார். காலையில் கண் விழித்ததும் செல்போனில் ஒரு கதை வந்து நிற்கிறது. படிக்கிறோம். கண் கலங்குகிறோம். நாலு பேருக்கு அனுப்பி வைக்கிறோம். அதோடு மறந்துவிடுகிறோம். இது போதுமா?

கிளென்மார்கன் சொல்லும் பாடம்

நீலகிரி மலையில், ஊட்டிக்கு அருகே கிளென்மார்கன் என்ற தேயிலைத் தோட்ட ஊர் இருக்கிறது. பைக்காரா ஆற்றுத் தண்ணீரை அங்கே கொண்டுவந்து தேக்கி வைக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால், தேங்கி நிற்கும்வரை அது வெறும் தண்ணீர்தான். ஒரு விளக்கைக்கூட எரிய வைக்காது.

அந்தத் தண்ணீர் பெரிய இரும்புக் குழாய்கள் வழியாக மலைச் சரிவில் 3,000 அடிக்கு மேல் கீழே இறங்குகிறது. அடிவாரத்தில் சிங்காரா மின் நிலையம் இருக்கிறது. இறங்கி வந்த வேகத்தில் அங்கே சக்கரங்களைச் சுழற்றுகிறது. மின்சாரம் பிறக்கிறது. 1932-ம் ஆண்டு தொடங்கிய இந்த மின்சாரம்தான் கோவைப் பஞ்சாலைகளை ஓட்டியது. எத்தனையோ வீடுகளில் விளக்கேற்றியது.

மேலே நிற்கும்வரை அழகு. இறங்கி வந்தால் வெளிச்சம். அன்பும் அப்படித்தான். கடவுளே மனிதனாக இறங்கி வந்தார் என்பதுதானே கிறிஸ்தவர்களின் நம்பிக்கை!

இறங்கி வந்தவர்கள்

வெள்ளைக்கார அதிகாரிகள் குளிருக்காகவும் சுகத்துக்காகவும் நீலகிரிக்கு வந்த காலம் ஒன்று உண்டு. காசமேஜர் என்ற ஓய்வு பெற்ற அதிகாரியும் அப்படித்தான் கேத்தியில் குடியேறினார். ஆனால், அவர் தன் சுகத்தோடு நின்றுவிடவில்லை. சுற்றிலும் வாழ்ந்த படகர் மக்களை எண்ணிப் பார்த்தார். அவர்களுக்குப் பணி செய்ய பாசல் மிஷன் ஊழியர்களை அழைத்தார். 1849-ல் காலமானபோது தன் சொத்தில் பெரும் பகுதியை அந்தப் பணிக்கே எழுதி வைத்திருந்தார்.

இன்னொரு கதை தமிழ்நாடே அறிந்தது. 1890-களில் ஓர் இரவு. திண்டிவனத்தில் மிஷனரி டாக்டர் ஒருவரின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்தார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். "ஆண் டாக்டர் வரக்கூடாது, நீங்கள்தான் வரவேண்டும்" என்று டாக்டரின் மகளிடம் கெஞ்சினார்கள். அவளுக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது.

அந்த மகள்தான் ஐடா ஸ்கடர். அமெரிக்காவுக்குத் திரும்பி வசதியாக வாழ எண்ணியிருந்தவர். அன்று இரவு அந்த எண்ணத்தை விட்டார். அழுதுவிட்டு ஓய்ந்துவிடவில்லை. அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். 1900-ல் திரும்பி வந்து வேலூரில் வைத்தியம் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி திறந்தார். அதுதான் இன்று ஊர் உலகம் அறிந்த வேலூர் சி.எம்.சி.

சிந்திக்க வேண்டும். அன்றிரவு நடந்ததைக் கேட்டு அழுதவர்கள் பலர் இருந்திருப்பார்கள். படிக்கப் புறப்பட்டவர் ஒருவர்.

நம் பிறன் யார்?

ஏசுநாதர் சொன்ன நல்ல சமாரியன் கதை எல்லோருக்கும் தெரியும். கள்ளர் அடித்துப் போட்ட ஒருவன் வழியில் கிடக்கிறான். வேதம் படித்த இருவர் பார்த்தும் பாராமல் விலகிப் போகிறார்கள். யூதர்கள் இழிவாக நினைத்த சமாரியன் ஒருவன்தான் நிற்கிறான். காயத்தைக் கட்டுகிறான். சத்திரத்தில் சேர்த்துச் செலவுக்குப் பணமும் கொடுக்கிறான்.

இந்தக் கதை நீலகிரியிலும் நடந்தது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த உடன்படிக்கையின்படி, இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5 லட்சத்து 25 ஆயிரம் தமிழர்களை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. அவர்களில் பலர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை தர 1968-ல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அங்கே அவர்களை 'இந்தியத் தமிழர்' என்றார்கள். இங்கே 'சிலோன்காரர்' என்றார்கள். இரண்டு இடத்திலும் அந்நியர்!

சட்டம் வேலை கொடுக்கலாம். 'வாங்க, உட்காருங்க' என்று சொல்ல அடுத்த வீட்டுக்காரர்தான் வேண்டும். அப்படிச் சொன்ன வீடுகளும் இருந்தன. கதவைச் சாத்திய வீடுகளும் இருந்தன. இரண்டு வீட்டாரும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே கதையைத்தான் கேட்டிருப்பார்கள்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. எந்த மதத்திலும் நல்ல கதைகள் உண்டு. கேட்பது எளிது; சொல்வது அதைவிட எளிது. எழுந்து போவதுதான் கடினம்.

ஆகவே, வீட்டில் குழந்தைகளுக்குக் கதை சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், "நம் தெருவில் இப்படி விழுந்து கிடப்பவர் யார்? நாளைக்கு நாம் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். தனியாக வாழும் மூதாட்டிக்கு ஒரு செம்பு கஞ்சி கொடுக்கலாம். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் குடும்பத்துக்கு ரேஷன் கடைக்கு வழி காட்டலாம். அவ்வளவு போதும். ஞாயிற்றுக்கிழமை கேட்ட கதை திங்கட்கிழமை செயலாகட்டும்.